ஜப்பானியக் கோயில்களுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டோக்கியோவில் வசிப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கோயில்களுக்கு அழைத்துப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செருப்பை எங்கே விடுவது? சாமி எங்கே இருக்கிறது? நாம் கும்பிடலாமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கும்பிடலாம். உங்கள் மதம் என்ன, எந்த நாட்டவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தக் கோயில்கள் வருகிறவரிடம் எதிர்பார்ப்பது ஒழுங்கைத்தான்: கையைக் கழுவிக்கொண்டு வா, மெல்லப் பேசு, முறை வரும்வரை நில், முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விடு. கோயிலோடு வளர்ந்தவர்கள் நாம் என்பதால் இவற்றில் பாதி நமக்கு இயல்பாகவே வந்துவிடும். மீதிப் பாதியில்தான் தடுமாற்றம். நம் ஊரைப்போலவே தோன்றுகிற இடங்களில் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வந்திருப்பது எந்தக் கோயில்?

ஜப்பானில் வழிபாட்டிடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஷின்டோ மரபின் கோயிலை ஜின்ஜா என்பார்கள். பௌத்தக் கோயிலை ஒதேரா என்பார்கள். இரண்டுக்கும் வழிபடும் முறை வேறு. ஆகவே உள்ளே நுழையும் முன் எதில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு தூண்கள், மேலே இரண்டு குறுக்கு உத்தரங்கள், கதவு கிடையாது என்று ஒரு வாசல் நின்றால் அது தோரி. உள்ளே இருப்பது ஜின்ஜா. கூரை போட்ட பெரிய வாயில், இருபுறமும் முறைத்துப் பார்க்கும் காவல் தெய்வங்கள், ஊதுபத்திப் புகை, பக்கத்தில் கல்லறைகள் என்று இருந்தால் அது பௌத்தக் கோயில். பெயரின் வால் பகுதியும் உதவும். ஜின்ஜா, ஜிங்கு, தைஷா என்று முடிந்தால் ஷின்டோ. ஜி, தேரா, இன் என்று முடிந்தால் பெரும்பாலும் பௌத்தம்.

ஆனால் பௌத்தக் கோயில் வளாகத்துக்குள் ஒரு சிறிய தோரி நிற்பதைக் கண்டால் குழம்ப வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு மரபுகளும் ஒரே வளாகத்தில், ஒரே மக்களிடம் கலந்தேதான் வாழ்ந்தன. 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி ஆணையிட்டது. ஆணை கோயில்களைப் பிரித்தது. மக்கள் மனதை அது முழுவதும் பிரிக்கவில்லை. இன்றும் ஒரு சாதாரண ஜப்பானியக் குடும்பம் குழந்தையை ஜின்ஜாவுக்குத் தூக்கிப்போகும், இறந்தவருக்கான சடங்கைப் பௌத்த முறையில் செய்யும். அதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரிவதில்லை.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பழக டோக்கியோவின் அசாகுசாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. அங்கே சென்சோஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் கன்னோனின் சிலை ஒன்று சிக்கியது என்பது அதன் தலபுராணம். கன்னோன் என்பவர் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர்தான். அந்தச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. சிலையை எடுத்த இரு மீனவர்களும், அதை வீட்டில் வைத்து வழிபடத் தொடங்கிய ஊர்ப் பெரியவரும் பக்கத்திலேயே உள்ள அசாகுசா ஜின்ஜாவில் தெய்வங்களாக இருக்கிறார்கள். சென்சோஜியில் ஓசையில்லாமல் கைகூப்பிவிட்டு, சில அடிகள் நடந்து ஜின்ஜாவுக்குப் போய்க் கைதட்டிக் கும்பிடலாம். வேறுபாடு உடனே பிடிபட்டுவிடும்.

சென்சோஜிக்குப் பகலில் போனால் தலைகள்தான் தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 6 மணிக்கும், மற்ற மாதங்களில் 6.30க்கும் பிரதான மண்டபம் திறக்கும். அந்த நேரத்தில் போங்கள். கடைத்தெரு மூடியிருக்கும், அதனால் என்ன? வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு ஓடுகிற உள்ளூர்க்காரர்களோடு நீங்களும் நிற்பீர்கள்.

கிளம்பும் முன்

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி அணிந்துகொள்ளுங்கள். சுத்தமான காலுறை கட்டாயம். இங்கே வளாகம் முழுவதும் காலணியோடுதான் நடப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் மரத் தளம் உயர்ந்து தொடங்கும் இடத்திலும், தத்தாமி பாய் விரித்த அறையிலும் கழற்றியாக வேண்டும். வெறுங்காலோடு உள்ளே போவது நமக்குப் பக்தி. இங்கே அது தளத்தை அழுக்காக்கும் செயலாகப் பார்க்கப்படலாம். காலணி வைக்கப் பல இடங்களில் அலமாரி இருக்கும், சில இடங்களில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்துக் கையிலேயே எடுத்துப்போகச் சொல்வார்கள்.

சில்லறையும் ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கை, குறிச்சீட்டு, தாயத்து எல்லாவற்றுக்கும் இன்னும் பல இடங்களில் ரொக்கம்தான் செல்லும். ஒரு கைக்குட்டை வேண்டும், கை கழுவும் இடத்தில் துடைக்க எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். குப்பைத் தொட்டியும் அபூர்வம் என்பதால் ஒரு சிறிய பையும் இருக்கட்டும்.

கற்பூரம், எண்ணெய், திரி, தேங்காய் போன்றவற்றை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். பெரும்பாலான கோயில்கள் முழுக்க மரத்தால் ஆனவை, பலமுறை தீயில் எரிந்து மீண்டும் எழுந்தவை. நெருப்பு என்றால் அவர்களுக்கு உள்ளூர அச்சம் உண்டு. ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் அங்கேயே விற்பார்கள், அதற்கென்று வைத்த இடத்தில் மட்டும் ஏற்றலாம். சிலைகளுக்குக் குங்குமம் வைப்பது, தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஜின்ஜாக்களின் வளாகம் எப்போதும் திறந்திருக்கும். கட்டணம் வாங்கும் பௌத்தக் கோயில்கள் மாலை 4.30, 5 மணி அளவில் மூடிவிடும், டிக்கெட் கொடுப்பதை அதற்கு அரை மணி முன்பே நிறுத்துவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கோயில் போதும் என்பது என் கருத்து. ஐந்தாறு என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு மாலையில் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்பதே நினைவில் நிற்பதில்லை.

ஜின்ஜாவில்: தோரியிலிருந்து சன்னிதி வரை

தோரியின் கீழ் நுழையும் முன் ஒரு கணம் நின்று தலை வணங்குங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி இருந்தால் கழற்றிவிடுங்கள். பாதையின் நடுப்பகுதி தெய்வம் நடக்கும் வழி என்பதால் ஓரமாக நடப்பது மரியாதை.

கொஞ்ச தூரத்தில் கூரையின் கீழ் ஒரு கல்தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மேலே நீண்ட பிடி வைத்த மூங்கில் அகப்பைகள் வரிசையாக இருக்கும். இங்கே கால் கழுவக் கூடாது. தொட்டிக்குள் கையை விடக் கூடாது. வலது கையால் ஒரே ஒரு அகப்பைத் தண்ணீர் மொண்டுகொள்ளுங்கள், எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே முடிக்க வேண்டும். முதலில் இடது கையில் கொஞ்சம் ஊற்றிக் கழுவுங்கள். அகப்பையை இடது கைக்கு மாற்றி வலது கையைக் கழுவுங்கள். மறுபடி வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் விட்டு, அதிலிருந்து வாயைக் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் படக் கூடாது. துப்புவதைத் தொட்டிக்குள் அல்லாமல் கீழே உள்ள கற்களின் மேல், ஓசையில்லாமல் செய்யுங்கள். இடது கையை மீண்டும் ஒருமுறை கழுவுங்கள். கடைசியில் அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்சத் தண்ணீர் பிடியின் வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தையும் கழுவிவிடும். அடுத்து வருகிறவருக்காகச் செய்வது அது. எனக்கு இந்தச் சடங்கில் மிகவும் பிடித்த அசைவும் அதுதான். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பைகளை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அங்கே கையை மட்டும் கழுவினால் போதும்.

பிறகு சன்னிதி. "சாமி எங்கே?" என்ற கேள்வி இங்கேதான் எழும். ஜின்ஜாவில் பார்ப்பதற்கு மூர்த்தி கிடையாது. தெய்வம் உறையும் பொருள் பெரும்பாலும் ஒரு கண்ணாடியோ வாளோ கல்லோ ஆக இருக்கும். அதுவும் பின்னால் உள்ள மூடிய கட்டடத்தில் இருக்கும், பூசகர்களே அதைப் பார்ப்பது அரிது. நாம் நிற்பது முன்மண்டபத்துக்கு வெளியே. தரிசனம் என்று ஒன்று இல்லாததால் முண்டியடிப்பதும் இல்லை. வலம் வரும் வழக்கமும் பொதுவாகக் கிடையாது. கட்டடத்தின் பின்புறம் பாதை தேடிப் போகாதீர்கள், பெரும்பாலும் அது வேலியிட்ட பகுதியாக இருக்கும்.

வழிபாடு இப்படி: மரப்பெட்டியில் நாணயத்தை மெல்லப் போடுங்கள், தூரத்திலிருந்து வீச வேண்டாம். நடுவில் துளையுள்ள 5 யென் நாணயம் நல்ல உறவுகளைக் கொண்டுவரும் என்பது நம்பிக்கை, ஆனால் எந்தத் தொகையும் போடலாம். மணியோடு கட்டிய தடித்த கயிறு தொங்கினால் அதை ஆட்டி ஒலிக்கச் செய்யுங்கள். இடுப்பு வளையுமாறு இருமுறை குனிந்து வணங்குங்கள். மார்புக்கு நேராகக் கைகளை வைத்து இருமுறை தட்டுங்கள். கைகூப்பியபடியே மனதில் வேண்டிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள். இரண்டு வணக்கம், இரண்டு தட்டு, ஒரு வணக்கம். ஷிமானே மாநிலத்தின் இசுமோ தைஷா, கியூஷூ தீவின் உசா ஜிங்கு போன்ற சில இடங்களில் நான்கு முறை தட்டுவார்கள். மறந்துவிட்டால் முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். ஜப்பானியர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பௌத்தக் கோயிலில்

இங்கே கைதட்டக் கூடாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே போதும்.

வாயிலின் முன் கைகூப்பி வணங்கிவிட்டு நுழையும்போது கீழே உள்ள மர நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதே முறையில் கை கழுவலாம். ஊதுபத்தி வாங்கினால் பொதுச் சுடரில் ஏற்றுங்கள். இன்னொருவர் வைத்த பத்தியிலோ மெழுகுவத்தியிலோ ஏற்றினால் அவருடைய வினை நம்மிடம் வந்துவிடும் என்பார்கள். பத்தியில் தீ எரிந்தால் வாயால் ஊதாமல் கையால் விசிறி அணையுங்கள். விளக்கை வாயால் ஊதாதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெண்கலக் கலத்தைச் சுற்றி நின்று மக்கள் புகையைத் தலையிலும் முழங்காலிலும் வாரிப் பூசிக்கொள்வதைக் காண்பீர்கள். வலி உள்ள இடத்தில் புகை பட்டால் குணமாகும் என்பது நம்பிக்கை.

பிறகு காணிக்கை போட்டு, கைகூப்பி, அமைதியாக வேண்டிக்கொண்டு, மெல்லத் தலை வணங்கினால் முடிந்தது. பெரிய மணி தொங்கினால், அனுமதி உண்டு என்று எழுதியிருந்தால் மட்டும், வழிபாட்டுக்கு முன் அடிக்கலாம். வழிபட்டுத் திரும்பும்போது அடிப்பது ஆகாது என்பார்கள்.

சிலையைத் தொடக் கூடாது என்பது பொது விதி. விதிவிலக்கு பின்சுரு. நாராவின் தோதாய்ஜியில் பெருமண்டபத்தின் வெளியே, சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலையாக அவர் உட்கார்ந்திருக்கிறார். புத்தரின் சீடர்களில் ஒருவரான பிண்டோலர்தான் அவர். உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அவர் உடலில் அதே இடத்தைத் தடவி, பிறகு உங்கள் உடலைத் தடவிக்கொள்ள வேண்டும்.

நமக்குத் தெரிந்தவர்கள் அங்கே

சுற்றுலா வழிகாட்டிகள் இதற்கு ஓரிரு வரிதான் ஒதுக்குவார்கள். ஆனால் நம்மவர்கள் கண் விரியப் பார்ப்பது இதைத்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக நம் தெய்வங்கள் பலரும் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள். சரசுவதி இங்கே பென்சைதென். வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம் ஏந்தியிருப்பாள், நீர்நிலையின் கரையிலோ தீவிலோதான் பெரும்பாலும் குடியிருப்பாள். டோக்கியோவில் உவேனோ பூங்காவின் ஷினோபசு குளத்து நடுவே அவளுக்குக் கோயில் உண்டு. கோடையில் போனால் சுற்றிலும் தாமரை. இந்திரன் தைஷாகுதென், பிரம்மா போன்தென், குபேரன் பிஷாமோன்தென். கியோட்டோவின் தோஜியில் விரிவுரை மண்டபத்துக்குள் போனால் அன்னங்கள் தாங்கும் பீடத்தில் பிரம்மாவையும் யானைமேல் இந்திரனையும் ஒரே மண்டபத்தில் பார்க்கலாம்.

பிள்ளையாரும் இருக்கிறார். ஷோதென் அல்லது காங்கிதென் என்பது அவர் பெயர். யானைத்தலை கொண்ட இரு உருவங்கள் தழுவி நிற்கும் வடிவம் என்றாலும் அந்தச் சிலையை மக்கள் பார்வைக்கு வைப்பதில்லை. அசாகுசாவில் சென்சோஜியிலிருந்து ஆற்றோரமாக நடந்துபோகும் தூரத்தில் மாத்சுசியாமா ஷோதென் என்ற கோயில் சிறு மேட்டின்மேல் இருக்கிறது. படிக்கட்டிலும் விளக்குத் தூண்களிலும் இரட்டை முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருப்பார்கள். இங்கே அவருக்குப் படைப்பது முழு வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே வாங்கிப் படைக்கலாம். படைத்த முள்ளங்கிகளை வேண்டியவர்கள் எடுத்துப்போகும்படி வைத்திருப்பார்கள். ஜப்பானியக் கோயில்களில் பிரசாதம் என்று எதுவும் கையில் கிடைப்பதில்லையே என்று குறைப்படுபவர்களை நான் அழைத்துப்போவது இங்கேதான்.

இதைவிடவும் மனதை அசைப்பது ஹோமம். பௌத்தத்தின் ஷிங்கோன், தெந்தாய் பிரிவுக் கோயில்களில் அதைக் கோமா என்கிறார்கள். நாரிதா விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நாரிதாசான் ஷின்ஷோஜி இருக்கிறது. 940இல் நிறுவப்பட்ட கோயில். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு நான்கைந்து மணி நேரம் கூடுதலாக இருந்தால் பெட்டிகளை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போய் வரலாம். நாரிதா நிலையத்திலிருந்து கோயில் வரை வளைந்து இறங்கும் பழைய கடைத்தெரு. பெருமண்டபத்தில் ஒவ்வொரு நாளும் பலமுறை கோமா நடக்கும், நேரத்தை அங்கேயே எழுதிப் போட்டிருப்பார்கள். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் அமர்ந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை.

துறவிகள் வரிசையாக வந்து அமர்கிறார்கள். ஆளுயரத்துக்கும் மேலான முரசு அதிரத் தொடங்கியதும் அந்த அதிர்வு தரை வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. நடுவில் அமர்ந்த குரு சமித்துகளை அடுக்கித் தீ மூட்டுகிறார். சுடர் எழ எழ மந்திரம் வேகம் பிடிக்கிறது. தீயின் பின்னால் இருப்பவர் ஃபுதோ மியோஓ, அதாவது பௌத்தக் காவல் தெய்வமான அசலநாதர். ஓதுவது சமஸ்கிருத மந்திரம்தான், ஆயிரத்து இருநூறு ஆண்டு ஜப்பானிய நாவில் உருமாறி நிற்கிறது. "என்னப்பா, இது ஹோமமேதான்!" என்று ஒருமுறை உடன் வந்த என் சித்தி என் காதில் சொன்னார். முடிந்ததும் மக்கள் வரிசையில் நின்று தங்கள் கைப்பையைத் துறவியிடம் நீட்டுகிறார்கள். அவர் அதைத் தீயின் அருகே காட்டித் திருப்பிக் கொடுக்கிறார். சித்தி தன் கைப்பையை நீட்டினார், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, எடுக்கவும் தோன்றாது.

சீட்டு, தாயத்து, முத்திரை

ஒமிகுஜி என்பது குறிச்சீட்டு. சென்சோஜியில் 100 யென் போட்டு, அறுகோண உலோகக் குடுவையைக் குலுக்கினால் சிறு துளை வழியே ஒரு குச்சி வரும். அதில் எண் சீன எழுத்தில் இருக்கும். எதிரே உள்ள சிறு இழுப்பறைகளில் அதே எழுத்துள்ளதைத் தேடி ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குச்சியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். சென்சோஜியில் கெட்ட பலன் கொஞ்சம் அதிகம், நூற்றுக்கு முப்பது என்பார்கள். அப்படி வந்தால் மனம் தளர வேண்டாம், அங்கே உள்ள கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். மரக்கிளையில் கட்டாதீர்கள். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்குவில் நல்லது கெட்டது சொல்லும் சீட்டே கிடையாது. அதற்குப் பதில் மெய்ஜி பேரரசரும் ஷோகென் பேரரசியும் இயற்றிய செய்யுள் ஒன்று கிடைக்கும், ஆங்கிலத்திலும் உண்டு. எனக்கு அதுதான் உகந்தது.

ஒமாமோரி என்ற தாயத்து சிறு துணிப்பை வடிவில் இருக்கும். தேர்வு, பயணம், பிரசவம், உடல்நலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பையைத் திறந்து பார்க்கக் கூடாது. ஓராண்டு ஆனதும் வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கம், முறைப்படி எரித்துவிடுவார்கள். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் தென்மாங்கு அல்லது தென்ஜின் என்ற பெயருள்ள கோயிலுக்குப் போங்கள். கியோட்டோவில் கிதானோ, டோக்கியோவில் யுஷிமா, ஃபுகுவோகா அருகே தசாய்ஃபு. 903இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்துபோன அறிஞர் சுகாவாரா நோ மிசிசானே அங்கே கல்வித் தெய்வமாக இருக்கிறார். ஏமா என்ற சிறு மரப்பலகைகளில் மாணவர்கள் எழுதித் தொங்கவிட்ட வேண்டுதல்கள் அடுக்கடுக்காக இருக்கும். நீங்களும் எழுதலாம், தமிழிலேயே எழுதுங்கள்.

கோஷுயின் என்பது வழிபட்டதற்கு அடையாளமாகக் கோயில் எழுதித் தரும் முத்திரை. இதற்கென்று மடிப்புப் புத்தகம் விற்கிறார்கள், சுமார் 2,000 யென். ஒவ்வொரு முத்திரைக்கும் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை. முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும். எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து இரு கைகளாலும் கொடுங்கள். எழுதுகிறவர் சிவப்பு முத்திரையைப் பதித்து, தூரிகையை மையில் தோய்த்து, கோயிலின் பெயரையும் தேதியையும் தயங்காமல் ஒரே மூச்சில் எழுதி, மை ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய தாளை வைத்து மூடித் தருவார். அவர் எழுதும்போது பேசவோ படம் எடுக்கவோ வேண்டாம். சாதாரண நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். மாலை 4 மணிக்குள் போய்விடுவது பாதுகாப்பு.

இங்கே மட்டும் கவனம்

சிவப்புக் கழுத்துத் துணியும் தொப்பியும் அணிந்த சிறு சிறு கற்சிலைகள் வரிசையாக நிற்பதைப் பல கோயில்களில் பார்ப்பீர்கள். டோக்கியோ கோபுரத்தின் அடியில் உள்ள சோஜோஜியில் அவை நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் காற்றாடியோடு நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். அவை ஜிசோ, குழந்தைகளைக் காப்பவர். கருவிலேயே போன பிள்ளைக்காக, பிறந்து தங்காத பிள்ளைக்காகப் பெற்றோர் அங்கே வந்து காற்றாடியும் பொம்மையும் வைக்கிறார்கள். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள், அவற்றின் அருகே சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். சில அடி தள்ளி அழுதுகொண்டு ஒரு தாய் நிற்கக்கூடும்.

படம் எடுப்பதைப் பொறுத்தவரை, வெளியே பெரும்பாலும் எடுக்கலாம், மண்டபத்துக்குள் பெரும்பாலும் கூடாது. வழிபடுகிறவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். மெய்ஜி ஜிங்குவில் திருமண ஊர்வலம் கண்ணில் பட்டால் ஓரமாக நின்று பாருங்கள், குறுக்கே போக வேண்டாம்.

வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் 50 நாள்கள் வரை ஜின்ஜாவுக்குப் போகாமல் இருப்பது இங்கத்திய வழக்கம். பௌத்தக் கோயிலுக்கு அந்தத் தடை இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. நமக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எங்கே தொடங்கலாம்?

டோக்கியோவில் முதல் காலை மெய்ஜி ஜிங்கு. ஹராஜுகு நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரே காடு. 1920இல் கோயில் எழுந்தபோது நாடு முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை வைத்து மனிதர்கள் நட்ட காடு அது, இன்று பார்த்தால் நம்ப முடியாது. காலையில் நீண்ட துடைப்பங்களோடு சிலர் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். கூட்டிய சருகை வெளியே கொட்டுவதில்லை, மரங்களின் அடியிலேயே திரும்பப் போடுகிறார்கள். சூரியன் உதிக்கும்போது திறந்து மறையும்போது மூடுவார்கள். பாதை முழுக்கச் சரளைக்கல், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக நடக்க வேண்டும். புத்தாண்டின் முதல் மூன்று நாள்களில் மட்டும் போகாதீர்கள், அப்போது இங்கே முப்பது லட்சம் பேர் வருகிறார்கள்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி. செம்மஞ்சள் தோரிகள் ஆயிரக்கணக்கில் மலைமேல் ஏறிப்போகும் இடம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம், ஆனால் விரைவு ரயில் அங்கே நிற்காது, சாதாரண ரயிலில் ஏறுங்கள். இனாரி நெல்லுக்கும் வணிகத்துக்கும் தெய்வம், நரிகள் அவருடைய தூதர்கள். ஏறும்போது வெறுமையாகத் தெரியும் தோரிகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நன்கொடை கொடுத்தவரின் பெயரும் தேதியும் பின்புறத்தில் கறுப்பு எழுத்தில் இருக்கும். முதல் நூறு மீட்டரில்தான் நெரிசல். யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி வரை ஏறினால் நகரம் முழுவதும் தெரியும். முழு மலையையும் சுற்ற இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும்.

நாராவின் தோதாய்ஜி நமக்கு இன்னொரு வகையில் நெருக்கம். 752இல் அங்குள்ள பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள்.

ஷின்டோ மரபின் தலைமை இடமான இசேயில் பார்க்க அதிகம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. வேலிக்கு மேல் தெரியும் கூரை மட்டும்தான் கண்ணுக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கோயில் முழுவதையும் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை இடம் மாற்றுகிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது, அடுத்தது 2033. பழைய மரங்கள் மற்ற ஜின்ஜாக்களுக்குப் போகின்றன. முதலில் வெளிக்கோயில், பிறகு உட்கோயில் என்பது முறை. சன்னிதிப் படிகளுக்கு மேல் படம் எடுக்கக் கூடாது.

சைவ உணவுக்காரர்கள் கோயாசானில் ஓர் இரவு தங்குவதைத் தவறவிட வேண்டாம். ஷிங்கோன் பிரிவைத் தொடங்கிய துறவி கூகாய் 816இல் நிறுவிய மலை மடங்களின் ஊர் அது. ஏறத்தாழ ஐம்பது மடங்களில் பயணிகள் தங்கலாம். ஒசாகாவின் நான்பாவிலிருந்து நான்காய் ரயில், பிறகு கேபிள் கார், பிறகு பஸ். இரவு உணவு ஷோஜின் ரியோரி: இறைச்சி, மீன், முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. எள்ளில் செய்த தோஃபு வாயில் கரையும். கீழே ஊர்களில் காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கும் என்பதால் இந்தச் சாப்பாட்டின் நிம்மதி தனி. முன்பதிவு செய்யும்போதே மீன் சாறும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். காலை வழிபாடு 6 மணி அளவில் தொடங்கும், அதில் கலந்துகொள்ளலாம். பிறகு ஒகுனோயின் வரை நடந்து போங்கள். இரண்டு கிலோமீட்டர், இருபுறமும் வானளாவிய தேவதாரு மரங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக்கற்கள். கடைசிப் பாலத்தைத் தாண்டினால் படம், உணவு, தொப்பி எதற்கும் அனுமதி இல்லை. அதற்கு அப்பால் கூகாய் இன்றும் தியானத்தில் இருப்பதாக நம்புகிறார்கள், தினமும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் அவருக்கு உணவு எடுத்துப்போகிறார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏப்ரலில்கூடக் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை அவசியம். மடங்களில் இரவு உணவை ஆறு மணிக்குள் பரிமாறத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே மாலை 5 மணிக்குள் மடத்தில் இருக்கும்படி நான்பாவில் மதியம் 2 மணிக்கு முன்பே ரயில் ஏறிவிடுங்கள்.